அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரியில் செவிலியர் படிப்பு: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில், பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புகளை வழங்கும் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்வது எளிது. அதே கல்லூரியின் செவிலியர் பிரிவில் இடம் பெறுவது அவ்வளவு எளிதன்று. பள்ளிப்படிப்பை முடித்த ஏறக்குறைய எவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, செவிலியர் பிரிவுக்கு மட்டும் தனி விண்ணப்பமும் குறைந்த இடங்களும் வைத்திருக்கும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டால் வீணாகும் பருவங்களைத் தவிர்க்கலாம்.

முதலில், அந்தப் படிப்புக்கு மாநிலச் செவிலியர் வாரியத்தின் ஒப்புதல் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் வேறு கல்லூரியைத் தேடுவதே நல்லது. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் படித்தவர்களில் எத்தனை விழுக்காட்டினர் என்கிளெக்ஸ் உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினர் என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது முன்தேவைப் பாடங்கள். பெரும்பாலும் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஆய்வகத்துடன் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், ஆங்கிலக் கட்டுரை, உளவியல், சில இடங்களில் புள்ளியியல் ஆகியவற்றை முடித்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், இரண்டாண்டுப் படிப்பு எனப்படுவது நடைமுறையில் மூன்றாண்டாகிறது. இப்பாடங்களின் மதிப்பெண்களையும் டீஸ் அல்லது ஹெசி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கூட்டிப் புள்ளி வழங்கும் கல்லூரிகள் பல. ஆகவே குறைந்தபட்சத் தேர்ச்சி போதும் என்று எண்ண வேண்டாம். ஒரே பருவத்தில் மூன்று அறிவியல் பாடங்களைச் சுமந்து எல்லாவற்றிலும் சுமாராகத் தேறுவதைவிட, ஒன்றை எடுத்து அதில் ஆழ்ந்து படிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. பழைய அறிவியல் பாடங்களுக்குச் சில கல்லூரிகள் காலாவதி வரம்பு வைத்துள்ளன; முன்பே படித்தவர்கள் அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தகுதியுடையோர், அரசின் கல்வி நிதியுதவிக்கான விண்ணப்பமாகிய ஃபாஃப்சா படிவத்தைத் தவறாமல் நிரப்ப வேண்டும், ஏனெனில் அதன் வழியே கிடைக்கும் பெல் என்னும் அரசு உதவித்தொகையைப் பொதுவாகத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

இடம் கிடைத்ததும் தடுப்பூசிச் சான்றுகள், காசநோய்ப் பரிசோதனை, குற்றப் பின்னணிச் சோதனை, உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி ஆகியவற்றை உடனே முடியுங்கள். இவற்றில் ஒன்று தாமதமானாலும் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். அந்தப் பயிற்சி பொழுது விடியும் முன்பே தொடங்கக்கூடும் என்பதால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வேலை நேரத்தை மாற்றவும் முன்கூட்டியே ஏற்பாடு தேவை.

படிப்பு முடிந்ததும், நான்காண்டுப் பட்டதாரிகள் எழுதும் அதே என்கிளெக்ஸ் தேர்வையே நீங்களும் எழுதுவீர்கள்: 85 முதல் 150 வரை வினாக்கள், 5 மணி நேரம். எனினும் நியூயார்க் மாநிலம், 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி, புதிதாக உரிமம் பெறுவோர் 10 ஆண்டுகளுக்குள் செவிலியர் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்கிறது. பிற இடங்களிலும் பல மருத்துவமனைகள் பட்டதாரிகளையே விரும்புகின்றன. ஆகவே முதல் பருவத்திலேயே, நீங்கள் எடுக்கும் பாடங்களை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று கல்லூரி ஆலோசகரிடம் எழுத்துவடிவில் கேட்டுப் பெறுங்கள்.