காட்டுக் காசித்தும்பை: ஒன்றுபோலத் தெரியும் இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப் புல்வெளிகளும் ஓடைக்கரைகளும் இளஞ்சிவப்பாக மாறும். அதில் பெரும்பங்கு காசித்தும்பைகள் அடங்கிய இம்பேஷியன்ஸ் பேரினத்துக்கு உரியது. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம் இது. தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1911இல் மறையும்வரை, தம் கடைசி ஆண்டுகளை இதன் இனங்களைப் பிரிப்பதிலேயே செலவிட்டார். உலர்த்தினால் பூவின் மெல்லிய பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வடிவம் குலைந்துவிடும். அதனால்தான் செடி உயிரோடு நிற்கும்போதே, நின்ற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்கிறோம்.

தொடக்கத்துக்கு மூன்று ஓராண்டு இனங்கள் போதும்: பால்சமினா (தோட்டத்துக் காசித்தும்பையின் காட்டு வடிவம்), சைனென்சிஸ், ஆப்போசிடிபோலியா.

தேவையானவை: 10 மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு துண்டு நூல், கைபேசி கேமரா, பின்னணிக்கு ஒரு வெள்ளை அட்டை.

1. ஓராண்டுச் செடிதானா?
அடிமண்ணை விரலால் மெல்ல விலக்குங்கள். பிடுங்க வேண்டாம். மெல்லிய நார்வேர்களும் இலைதாங்கிய தண்டும் இருந்தால் மேலே செல்லலாம். தரையோடு ஒட்டிய இலைகள், அவற்றின் நடுவிலிருந்து நீளும் பூத்தண்டு, அடியில் கிழங்கு என்றிருந்தால் அது பல்லாண்டு வாழும் வேறு கூட்டம். இங்கே சொல்வது அதற்குப் பொருந்தாது.

2. நடுத்தண்டின் இலைகள்
நுனியில் இலைகள் நெருங்கியிருப்பதால் அமைவு தெரியாது. பால்சமினாவின் அடி இலைகள் சில நேரம் எதிரெதிராகவும் இருக்கும். ஆகவே தண்டின் நடுப்பகுதியை மட்டும் நம்புங்கள். கணுவுக்கு ஓர் இலையாக மாறி மாறி வந்தால் பால்சமினா. ஓரத்தில் ரம்பப்பற்களும், இலைக்காம்பில் சிறு சுரப்பிகளும் அதை உறுதிப்படுத்தும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே, காம்பே இல்லாததுபோல ஒட்டிய குறுகிய இலைகள் என்றால் மற்ற இரண்டில் ஒன்று.

3. பூவைப் பக்கவாட்டில் பாருங்கள்
பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முன்பக்கத்தை மட்டும் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். முன்னால் விரியும் அகன்ற இதழ்கள் பல இனங்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு பின்னால் உள்ளது.

இந்தப் பூ காம்பில் தலைகீழாகத் திரும்பி நிற்பது. கீழே தெரியும் பை போன்ற பாகம் அல்லி இதழ் அல்ல, நிறமேறிய புல்லி இதழ். அதன் பின்முனைதான் தேன் தங்கும் வால். சைனென்சிஸில் வால் மெலிந்து, நீண்டு, உள்நோக்கி வளைந்திருக்கும். ஆப்போசிடிபோலியாவில் வால் குட்டை. எதிரிலை கொண்ட இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட எளிய அடையாளம் கிடையாது.

வளைந்த வாலை அளவுகோலால் நேராக அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும். வளைவின் மேல் நூலை ஓட்டி, பிறகு நூலை அளவிடுங்கள். மொட்டிலும் அப்போதுதான் விரிந்த பூவிலும் அளக்காதீர்கள். வால் இன்னும் முழு நீளத்தை எட்டியிருக்காது. குறைந்தது ஐந்து செடிகளில், செடிக்கு ஒரு முதிர்ந்த பூவென அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

4. பக்கப் புல்லி இதழ்கள்
காம்பு பூவைத் தொடும் இடத்தில் லென்ஸ் வைத்தால் மிகச் சிறிய இதழ்கள் தெரியும். பெரும்பாலும் இரண்டு, சில இனங்களில் நான்கு. நான்கு இருந்தால் நீங்கள் பார்ப்பது இந்த மூன்றில் எதுவுமல்ல.

5. காய்
பால்சமினா காய் முழுக்க அடர்ந்த மென்முடி. சைனென்சிஸ் காய் வழுவழுப்பானது. தொட்டால் வெடித்துச் சுருண்டுவிடும் என்பதால் முதலில் படம், பிறகுதான் விரல். வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் முடி ஓரத்தில் பளிச்சென்று தெரியும்.

எங்கே தவறு நேர்கிறது?
நிறத்தை நம்புவதில். ஒரே இனத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் வரும். செடியின் உயரமும் அப்படித்தான்: நிழலிலும் ஈரத்திலும் நெடுநெடுவென்று வளரும் அதே இனம், பாறை இடுக்கில் விரலளவில் பூத்துவிடும்.

இன்னொன்று பூவின் பருவம். முதலில் ஐந்து மகரந்தத்தாள்களும் சேர்ந்து ஒரு தொப்பியாகச் சூலகத்தை மூடியிருக்கும். அது உதிர்ந்த பிறகே சூலகமுடி வெளிப்படும். தொப்பியுள்ள பூவையும் இல்லாத பூவையும் இரண்டு இனங்கள் என்று பதிவு செய்துவிடாதீர்கள். ஒரே செடியிலேயே இரண்டும் இருக்கும்.

அடுக்கு இதழ்கள் கொண்ட பூவைப் பாதையோரத்தில் பார்த்தால், அது தோட்டத்திலிருந்து தப்பி வளர்ந்த பால்சமினாவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

ஒவ்வொரு செடிக்கும் ஐந்து படங்கள் எடுங்கள்: முழுச்செடி, நடுத்தண்டுக் கணு, பூவின் முன்புறம், வெள்ளை அட்டை முன் அளவுகோலோடு பக்கவாட்டு, காய். காய் இன்னும் வரவில்லையென்றால் இடத்தைக் குறித்துவைத்து, சில வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியில் அனுமதியில்லாமல் ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. மேலே சொன்ன எதற்கும் பறிக்கத் தேவையுமில்லை.