அரை ஓம் கம்பியை அளப்பது எப்படி? வேப் கருவி போடும் கணக்கை மேசையில் போட்டுப் பார்ப்போம்

வேப் எனப்படும் மின்சிகரெட்டில் காயிலை (சூடேறும் கம்பிச்சுருள்) மாட்டியதும் திரையில் 0.56 ஓம் என்று எண் வந்துவிடும். அதே காயிலைச் சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் 0.8 என்கிறது, மறுபடி வைத்தால் 1.1. இத்தனைக்கும் அந்த வேப் கருவிக்குள் ஆய்வகச் சாதனம் எதுவும் இல்லை. ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (கணக்குப் போடும் சில்லு), மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட்டின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே தடை. நமக்கும் அந்தக் கருவி தேவையில்லை. தெர்மாகோல் வெட்டப் பயன்படும் நைக்ரோம் கம்பியே போதும்.

வாங்க வேண்டியவை: 0.5 மி.மீ. விட்டமுள்ள நைக்ரோம் கம்பி, 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் (வெள்ளைச் சிமெண்ட் கட்டி போல இருக்கும்), சில கிளிப் வயர்கள். 1 ஆம்பியர் தரக்கூடிய பழைய 5 வோல்ட் போன் சார்ஜரும், அறுத்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு யூஎஸ்பி கேபிளும் வீட்டிலேயே கிடக்கும்.

படி 1. விடையை முதலில் கணக்கிடுங்கள்

இந்தத் தடிமனில் நைக்ரோம் கம்பி மீட்டருக்குச் சுமார் 5.6 ஓம். 10 செ.மீ. என்றால் 0.56 ஓம் வர வேண்டும். கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, நடுவில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2. மல்டிமீட்டரின் பிழையைப் பாருங்கள்

மீட்டரை 200 ஓமில் வைத்து, இரண்டு ப்ரோப் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். பூஜ்யம் வராது; 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது ப்ரோப் வயரின் மின்தடை. அளக்கப்போகும் பொருளில் பாதி அளவுக்குப் பிழையே இருந்தால் என்ன செய்வது? கழித்துக்கொள்ளலாம், ஆனால் முனையை அழுத்தும் விதத்தைப் பொறுத்து அதுவும் மாறும்.

படி 3. இணைப்பு

யூஎஸ்பி கேபிளை அறுத்தால் உள்ளே சிவப்பு, கறுப்பு வயர்கள் இருக்கும். சார்ஜரில் மாட்டும் பக்கத்துச் சிவப்பு வயர், 10 ஓம் ரெசிஸ்டர், நைக்ரோம் கம்பி, கறுப்பு வயர் என வரிசையாக இணையுங்கள். கிளிப்புகள் கம்பியில் குறித்த புள்ளிகளுக்கு வெளியே கடிக்கட்டும். ரெசிஸ்டர் இல்லாமல் கம்பியை நேராகச் சார்ஜரில் கொடுத்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் அது. மின்சாரம் கொடுத்ததும் ரெசிஸ்டரில் 2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கும், விரலை வைக்க வேண்டாம். அளந்ததும் அணைத்துவிடுங்கள்.

படி 4. இரண்டே அளவுகள்

மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளில் அளந்தால் 4.70 வோல்ட் போல வரும். அப்புறம் கம்பியில் குறித்த இரண்டு புள்ளிகளில் முனையை வையுங்கள்: 0.263 வோல்ட். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே,

10 × 0.263 ÷ 4.70 = 0.56 ஓம்.

சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுக்கிறதா என்ற கவலையே இதில் இல்லை. அது ஏறி இறங்கினால் இரண்டு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ப்ரோப் வயரின் மின்தடையும் இப்போது தொல்லையில்லை, வோல்ட் அளக்கும்போது அதன் வழியே மின்னோட்டம் ஓடுவதில்லை என்றே சொல்லலாம். நான் முதல் தடவை முனையைக் கம்பியில் வைக்காமல் கிளிப்பின் மேல் வைத்துவிட்டு, ஏன் 0.6-ஐத் தாண்டுகிறது என்று அரை மணி நேரம் முழித்தேன். கிளிப் கடிக்கும் இடத்துக்கும் ஒரு மின்தடை உண்டு.

கருவிக்குள் நடப்பது

காயிலை மாட்டியதும் கருவி சிறிய மின்னோட்டத்தைக் கண நேரம் செலுத்தி, படி 4-இல் நாம் போட்ட கணக்கையே போடுகிறது. மிகக் குறைவாக, உதாரணமாக 0.1 ஓமுக்கும் கீழே போனால் ஷார்ட் என்று சொல்லிப் பற்றவைக்க மறுக்கும். மறுக்காவிட்டால்? 3.7 வோல்ட் பேட்டரியில் 0.1 ஓம் என்றாலே 37 ஆம்பியர். பல பேட்டரிகள் அதைத் தாங்காது. இந்த மின்சுற்றே இல்லாத கருவிகள் ஆபத்தானவை என்பது இதனால்தான்.

ஆனால் கருவியால் காயிலின் மேலேயே முனை வைக்க முடியாது, திருகுமரை வழியாகத்தான் அளக்க வேண்டும். மரையில் அழுக்கு இருந்தாலோ சரியாக முறுக்காவிட்டாலோ, நான் கிளிப்பில் செய்த அதே தப்பு அங்கும் நடக்கும்.

வெப்பக் கட்டுப்பாடு உள்ள கருவிகளில் இந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நிக்கல் கம்பி சூடேற ஏற அதன் மின்தடை கூடும், டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 சதவீதம். குளிர்ந்த நிலையில் 0.15 ஓம் இருந்தது 0.30 ஆகிவிட்டால், வெப்பம் சுமார் 165 டிகிரி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டரே தேவையில்லை! ஆனால் சூடான காயிலை மாட்டி அதையே குளிர்ந்த அளவு என்று பதியவிட்டால், அதற்குப் பிறகு கருவி காட்டும் வெப்பநிலையெல்லாம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். நம் நைக்ரோமில் இந்த வித்தை பலிக்காது, சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது.