சிறிய படகு மோட்டாரை வீட்டில் கழுவி ஓட்டிப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைபர் படகிலிருந்து கழற்றித் தோளில் சுமந்து வரும் 8 அல்லது 9.9 எச்.பி. அவுட்போர்டு மோட்டார், கடலில் படாத பாட்டை வீட்டு முற்றத்தில் பட்டுவிடுவதுண்டு. ‘ஒரு நிமிடம்தானே, ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்ப்போம்’ என்று தண்ணீரே இல்லாமல் கயிற்றை இழுப்பது அவற்றில் முதல் தவறு. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை மேலே ஏற்றுவது, கியர்ப் பெட்டிக்கு மேலே உலோகக் கிண்ணத்துக்குள் உரசியபடி சுழலும் இம்பெல்லர் என்ற சிறு ரப்பர் சக்கரம்தான். அந்த உரசலுக்கு மசகாக இருப்பதும் அதே தண்ணீர்தான். தண்ணீர் இல்லையென்றால் சில விநாடிகளிலேயே அதன் இதழ்களின் ஓரம் கருகத் தொடங்கும். நியூட்ரலில்தானே இருக்கிறது என்ற சமாதானம் இங்கே செல்லாது, ஏனெனில் கியர் விழாவிட்டாலும் எஞ்சின் சுழலும் வரை இம்பெல்லரும் சுழன்றுகொண்டே இருக்கும். பிய்ந்த இதழ்த் துண்டுகள் மேலேறி நீர்ப்பாதையை அடைத்துக்கொள்ளும் என்பதால், புது இம்பெல்லர் போடுபவர் பழையதன் துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா என்று எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.

200 லிட்டர் பீப்பாயில் மோட்டாரை இறக்கி ஓட்டுவோர் செய்யும் பிழை நீர்மட்டத்தில் இருக்கிறது. விசிறிக்கு (புரொபெல்லருக்கு) மேலே உள்ள தட்டையான தகடு நன்றாக மூழ்கி, அதற்கு மேலும் சில அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் புகை தண்ணீருக்குள் வெளியேறுவதால் பீப்பாய் கொப்பளித்துச் சிந்தும், மட்டம் இறங்கும். ஆகவே ஓஸிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கட்டும். விசிறியை மாட்டியபடி கியர் போட்டால் பாதித் தண்ணீர் வெளியே போய்விடும் என்பதோடு கைக்கும் ஆபத்து என்பதால், அதைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள். கடல்நீர் எஞ்சினுக்குள் விட்டுச்சென்ற உப்பு கரைந்து அதே பீப்பாயில்தான் தங்குகிறது. தண்ணீரை ஒருமுறை மாற்றி மீண்டும் ஓட்டாவிட்டால், நீர்த்த கடல்நீரில் கழுவியதாகவே ஆகும். கடலோர ஊர்களில் கிணற்றுநீரே உவர்ப்பாக இருப்பதுண்டு. சோப்பு நுரைக்காத நீரை நம்ப வேண்டாம்.

நீர் உறிஞ்சும் துளைகளின் இருபுறமும் பொருத்தும் ரப்பர்க் கிண்ணங்களையும், சில மோட்டார்களில் ஓஸ் மாட்டவென்றே இருக்கும் கழுவு முனையையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். கிண்ணங்களைப் பொருத்தினால் முதலில் தண்ணீரைத் திறந்து பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும், நிறுத்தும்போது எஞ்சின் அணைந்த பின்னரே தண்ணீரை மூட வேண்டும். கழுவு முனை வழியாகத் தண்ணீர் விடும்போதோ, பல மாடல்களில் எஞ்சின் ஓடவே கூடாது. அந்தத் தண்ணீர் இம்பெல்லருக்குப் போதுமான அளவு போய்ச் சேராது என்பதே காரணம்.

ஓடத் தொடங்கியதும் கண் வைக்க வேண்டிய இடம், எஞ்சின் மூடிக்குக் கீழே பீச்சும் சிறு நீர்த்தாரை. அது நூலாக மெலிந்தாலோ நின்றாலோ உடனே அணைத்துவிட்டு, தங்கூசி (நைலான் தூண்டில் இழை) துண்டு ஒன்றைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். பல நேரம் உப்புக் கட்டியோ மணலோதான் அடைத்திருக்கும். தாரை நன்றாக வருகிறது என்பதற்காக இரண்டே நிமிடத்தில் நிறுத்துவதும் தவறுதான். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப நீர்ப்பாதையைத் திறந்து மூடும் வால்வு) உள்ள மோட்டாரில் எஞ்சின் சூடேறி அது திறந்த பிறகே உட்புற அறைகளில் நல்ல தண்ணீர் முழுமையாகப் பாயும் என்பதால், மெல்லிய வேகத்தில் ஏறக்குறைய 10 நிமிடம் ஓட வேண்டும். சத்தம் கேட்கும் ஆசையில் ஆக்ஸிலேட்டரைத் திருகுவது, சுமை இல்லாத எஞ்சினை வீணாக வதைப்பது. அடைத்த கொட்டகைக்குள் ஓட்டுவதோ உயிருக்கே ஆபத்து. நச்சுப் புகை மயக்கத்தில் ஆழ்த்திய பிறகுதான் தெரியவரும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரை அப்படியே அணைத்தால் கார்புரேட்டரில் அது தங்கி, மறுநாள் கயிற்றை இழுத்துக் கை சோர்ந்துபோகும். கடைசிச் சில நிமிடங்கள் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்ட வேண்டும். சில நாள் நிறுத்தி வைப்பதானால், எரிபொருள் குழாயைக் கழற்றி கார்புரேட்டர் காலியாகித் தானே அணையும் வரை விடலாம், ஆனால் அதுவரை தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; இதை மறந்து ஓஸை முதலில் எடுத்து நான் ஒரு இம்பெல்லரை இழந்திருக்கிறேன்.

கழுவிய கையோடு மோட்டாரைத் தரையில் கிடத்தாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் நீர் புகைப்பாதை வழியாக சிலிண்டருக்குள் புகுந்துவிடக்கூடும். செங்குத்தாக நிறுத்தி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக ஓரிரு முறை இழுத்தால் பம்பில் நின்ற நீரும் வடிந்துவிடும். அதன் பிறகு படுக்க வைத்தாலும், கையேடு சொல்லும் பக்கமாக, எஞ்சின் தலை விசிறிப் பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படியே வைக்க வேண்டும்.