கூரையை மூடினால் மட்டும் தடம் புரண்ட கிளாஸ் 37

ஓஓ எனும் மாதிரி ரயில் அளவில் (1:76) ஒரு பிரிட்டிஷ் கிளாஸ் 37 டீசல் எஞ்சின். மூக்கில் வண்டி எண் காட்டும் இரட்டைப் பெட்டியும் நடுவில் கதவும் உள்ள பழைய ரகம். ஓட்டுநர் அறைக்குள் விளக்கு வைத்தேன், அன்றைக்கே தொல்லை ஆரம்பம். நேர்ப்பாதையில் வெண்ணெய் போல ஓடும், 438 மி.மீ. ஆர வளைவில் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் முன் போகி (முன் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) தடத்தைவிட்டு இறங்கிவிடும். வலப்பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை.

தண்டவாள இணைப்புகளை அரம் வைத்துத் தேய்த்தேன். ஆறு அச்சுகளிலும் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்தேன், எல்லாம் 14.5 மி.மீ., சரியாகவே இருந்தது. எடை போதவில்லையோ என்று ஈயத்துண்டு ஒட்டினேன். அது வீண் வேலை. மூன்று நாள் போயிற்று.

அப்புறம் சோம்பலில், கூரையோடு சேர்ந்த எஞ்சினின் மேல்கூட்டை மாட்டாமல் ஓட்டினேன். புரளவே இல்லை! உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். விளக்குக்குப் போகும் கறுப்பு ஒயரில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. கூடு மூடியதும் அந்த ஒயர் மடங்கி, போகியின் கியர் கோபுரத்தை (மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்சக்கர அடுக்கை) ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. சக்கரம் தூக்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

தடித்த ஒயரை எடுத்துவிட்டு முடி போன்ற மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, கூரையின் உட்புறம் டேப் போட்டு ஒட்டினேன். ஈயத்தையும் பிய்த்தெடுத்தேன். நேற்று இரு திசையிலும் நாற்பது சுற்று ஓடியது, ஒருமுறைகூட இறங்கவில்லை.