செய்யுள் நாடகத்தைக் காலால் படிப்பது எப்படி?

‘மனோன்மணீயம்’ என்றதும் பலருக்கு நினைவு வருவது தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும்தான். 1891இல் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய ஐந்து அங்க நாடகம் அது, பெரும்பாலும் ஆசிரியப்பா என்ற செய்யுள் வகையில். படிப்பதற்காகவே எழுதப்பட்டது என்பார்கள். நடித்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிந்தது.

இந்த நாடகத்துக்காக நடத்திய முதல் நடிப்புப் பட்டறையில் நான் முக்கால் மணி நேரம் பொருள் சொன்னேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இப்போது உரைநூலை மூடி வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

மன்னன் ஜீவகனும் அமைச்சன் குடிலனும் பேசும் இடத்திலிருந்து இருபது அடி, அதாவது இருபது செய்யுள் வரி, எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: ‘வந்தனனென்றே’ என்பதை ‘வந்தனன் என்றே’ என்று.

அடுத்து, தாளம். ஆசிரியப்பாவில் பொதுவாக அடிக்கு நான்கு சீர்; சீர் என்பது அடியின் ஒரு தாளத் துண்டு. சீருக்கு ஒரு கைதட்டு. ராகம் போட வேண்டாம். பள்ளியில் ஒப்பித்த பழக்கம் உடனே எட்டிப்பார்க்கும்.

இனி நடை. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பழகுவதற்காக நான் எழுதிய இரண்டு அடிகள்:

கதவைத் திறந்து வெளியே போனவன்
திரும்பிப் பார்த்தான்; தெருவோ இருட்டு.

சொல்லிக்கொண்டே நடங்கள். வாக்கியம் எங்கே முடிகிறதோ அங்கே மட்டும் திசை மாறுங்கள். புதியவர்கள் எல்லோரும் ‘போனவன்’ என்ற இடத்தில் நின்றுவிடுவார்கள், அடி அங்கே முடிவதால். ஆனால் மூச்சு ‘பார்த்தான்’ வரை ஓட வேண்டும். அங்கே உடம்பு திரும்பும்போது ‘தெருவோ’ என்ற சொல் தானாகவே குரலைத் தாழ்த்தும். அந்த இருட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இருவராகச் சேருங்கள். ஓர் அடியையே இருவருக்குப் பங்கிட்டுப் பாருங்கள்:

“யாரது?”
“நான்தான்.”
“தனியாய் வந்தாய்?”

மூன்று பேச்சு, நான்கே சீர், ஒரே அடி. நடுவில் இடைவெளி விட்டால் தாளம் உடைந்துவிடும். ஒரு பந்தைக் கையில் கொடுத்து, பேசுகிறவர் மற்றவரிடம் எறியச் சொல்லுங்கள். பந்து தரையில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவசரமாகக் கேட்கும் மனிதனின் பயம் அந்த வேகத்திலேயே வந்துவிடும்.

அப்புறம் குடிலனிடம் வாருங்கள். மன்னனைப் புகழ்ந்தபடியே கவிழ்க்கப் பார்ப்பவன் அவன். ஒருமுறை அவன் பேச்சை உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள், உடனே செய்யுளுக்குத் திரும்புங்கள். மூன்றாவது முறை மன்னனின் காதருகே கிசுகிசுப்பாக. ஜீவகனாக நிற்பவர் பதில் பேசாமல், நம்பும்போது ஒரு எட்டு முன்னால், சந்தேகம் வரும்போது ஒரு எட்டு பின்னால் வைக்கட்டும்.

இப்போது உரைநூலைத் திறக்கலாம். எந்தச் சொல்லில் மன்னன் ஏமாந்தான் என்று அதற்குள் வாக்குவாதமே தொடங்கியிருக்கும்.