சேலத்துக்குள் நெடுஞ்சாலை எண் எங்கே முடிகிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஊருக்கு வெளியே மஞ்சள் தலைக் கல்லில் எண் தெளிவாக இருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் அது ஆத்தூர் ரோடு, அரூர் ரோடு என்று வெறும் பேராகிவிடும். அந்த எண் சரியாக எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. சேலத்துக்கு 544, 79, 179ஏ என்ற தேசிய நெடுஞ்சாலைகள் மூன்றையும் எடுத்துக்கொள்வோம். 44 இங்கே முடிவதில்லை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற சாலை அது.

1. முதலில் பழைய எண்ணை மறந்துவிடுங்கள். 2010-இல் எண்களை மாற்றினார்கள். பழைய 7 நம் ஊர்ப் பக்கம் 44 ஆனது. 47-இல் சேலம்–கொச்சிப் பகுதி 544 ஆனது. உளுந்தூர்பேட்டை போகும் 68, 79 ஆனது. கடைப் பலகையில் பழைய எண் இருந்தால் அதை நம்பித் தேட வேண்டாம்.

2. தாய்ச் சாலையைப் பிடியுங்கள். எல்லாரும் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மூன்று இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். 544 பிரிவது 44-இலிருந்து. 179ஏ பிரிவது 79-இலிருந்து. ஆகவே 179ஏ-வைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடிப் பயனில்லை. அரூர் ரோடு ஆத்தூர் ரோட்டை விட்டுப் பிரிகிற அயோத்தியாப்பட்டணத்தில் தேட வேண்டும். 544-க்குக் கொண்டலாம்பட்டி: உத்தமசோழபுரத்திலிருந்து வரும் கோவை ரோடு பைபாஸைத் தொடுகிற இடம்.

79 இரண்டு இலக்க எண், அதனால் இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. அரசிதழ் அறிவிப்பைப் பாருங்கள். எந்தச் சாலையின் சந்திப்பில் தொடங்கி எதன் சந்திப்பில் முடிகிறது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். 79-க்குச் சேலம் அருகே 44-உடன் உள்ள சந்திப்பு ஒரு முனை. ஆத்தூரிலிருந்து வந்து அம்மாப்பேட்டை வழியாக நேரே ஊருக்குள் போனால் பழைய பஸ் ஸ்டாண்டுதான் வரும், 44 வராது. உடையாப்பட்டியில் திரும்பி பைபாஸில் போனால் சீலநாயக்கன்பட்டியில் 44 வந்துவிடும். ஆகவே முனையைத் தேட வேண்டியது பைபாஸில்.

3. வரைபடத்தில் சரிபாருங்கள். இதற்கு, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்தான் என் தேர்வு. கூகுள் மேப்ஸில் எண் சாலை மேல் அங்கங்கே ஒட்டியிருக்கும், எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் எண் தனியாகப் பதிவாகியிருக்கும். வலப்பக்கம் கேள்விக்குறியோடு ஓர் அம்புக்குறிப் பொத்தான் உண்டு. அதை அழுத்திச் சாலையைத் தொடுங்கள். வருகிற பட்டியலில் அந்தச் சாலையைத் தேர்ந்தெடுத்தால் ‘ரெஃப்’ (ref) என்ற வரியில் எண் இருக்கும். அடுத்தடுத்த துண்டுகளைத் தொட்டுக்கொண்டே வாருங்கள், எண் மாறும் துண்டில் நிறுத்துங்கள். இரண்டு எண்கள் அரைப்புள்ளியோடு சேர்ந்து வந்தால் அங்கே இரண்டு நெடுஞ்சாலையும் ஒரே தாரில் போகின்றன என்று அர்த்தம்.

4. நேரில் பாருங்கள். வரைபடத்தைப் பதிவேற்றுவது நம்மைப் போன்றவர்கள்தான், கல்லையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பைக்கை விட பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல் ஓரம் வசதி. கொண்டலாம்பட்டியில் லாரி நெரிசல் அதிகம். அங்கே சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை: அந்தப் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை என்று சிலர் கேட்டார்கள். வரைபடத்தை இன்னும் பெரிதாக்குங்கள், தெரு அளவுக்கு வந்ததும் வேலை செய்யும்.

இன்னொன்று, ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகப் போகிறவர்கள் அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் 179ஏ-வில்தான் போகிறார்கள். குப்பனூரில் இடப்பக்கம் மலைக்குத் திரும்பும்போது அதை விட்டுவிடுகிறார்கள். பச்சைத் தலைக் கல் கண்ணில் பட்டால் அது மாநில நெடுஞ்சாலை. தாய்ச் சாலைக் கணக்கை அங்கே போடாதீர்கள்.