கோட்டைக்குப் போகுமுன் இரண்டு புத்தகம்

9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கும்போது ஒரே பொருளில் இரண்டாக எடுங்கள். வேலூர்க்காரர்களுக்குக் கோட்டையைவிட நல்ல பொருள் இல்லை என்பேன். அங்கே ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த இந்தியச் சிப்பாய்கள் அவர்களை எதிர்த்துக் கிளம்பிய 1806 சிப்பாய்ப் புரட்சி பற்றிய எளிய வரலாற்று நூல் ஒன்று, கோட்டை வரும் சாகசக் கதை ஒன்று. படித்து முடித்த வாரமே கூட்டிப் போய், அகழியோரம் உட்கார வைத்துப் படம் வரையச் சொல்லுங்கள்.

அப்புறம், புரட்சி வெடித்த ஜூலை 10 விடியலில் அங்கிருந்த ஒரு சிப்பாயாகத் தன்னை நினைத்து ஒரு பக்க நாட்குறிப்பு எழுதட்டும். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடியை மழிக்க உத்தரவு. இவை அந்தச் சிப்பாய்களை எவ்வளவு புண்படுத்தின என்பது எழுதும்போதுதான் பிள்ளைக்கு உறைக்கும். எழுத்துப்பிழையை அன்றைக்குத் திருத்த வேண்டாம்.

வரலாறு பிடிக்காத பிள்ளையா? சரி, நட்சத்திரப் புத்தகமும் இரவு மொட்டைமாடியும்.